பின்வாயிலில் நிற்பதா தமிழ்?

ஒரு நகரம் தன்னிடம் புதிதாய் வருவானை எம்மொழியில் எதிர்கொள்கின்றதோ அம்மொழியே அந்நகரத்தின் உண்மையான ஆட்சிமொழி. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழி ஆயிற்று என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், ஊருக்குப் புதியவன் ஒருவன் பேருந்தைத் தேடி நிற்கும்போது அவனுக்கு விடை கூறும் மொழி எது என்பதைக் கொண்டே அச்சட்டத்தின் உயிரை அளந்தறிதல் வேண்டும். முன்னர் அவ்விடை நடத்துநர் வாயிலிருந்தும் நிறுத்தத்தில் நிற்பார் வாயிலிருந்தும் வந்தது. அது தமிழாகவே இருந்தது. இன்றோ அவ்விடை கைப்பேசித் திரையிலிருந்து வருகின்றது. அத்திரை எம்மொழியில் எண்ணுகின்றது என்பதே நம்முன் உள்ள வினா.

22.9.2025 அன்று தமிழக முதலமைச்சர் ‘சென்னை ஒன்று’ என்னும் செயலியைத் தொடங்கி வைத்தார். மாநகரப் பேருந்து, புறநகர்த் தொடர்வண்டி, மக்கள் ‘மெட்ரோ’ என வழங்கும் விரைவுத் தொடர்வண்டி, தானி, வாடகை மகிழுந்து ஆகியவற்றை ஒரே திரையில் இணைத்து, கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான ஒரே குறியைப் பயணச்சீட்டாகக் கொண்டு செல்ல வழி செய்வது அது. இதனைக் கொணர்ந்தது, 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். (இக்குழுமத்தின் பெயரை ஆங்கில முதலெழுத்துகளால் குறுக்கி, அக்குறுக்கத்தைத் தமிழெழுத்தில் எழுதித் தமிழ் என்று கொள்வது நம் செய்தித்தாள்களின் வழக்கம். எழுத்துத் தமிழானால் சொல்லும் தமிழாகிவிடாது என்பதை இவர்கள் என்று உணர்வரோ!)

இம்முயற்சியை நாம் பழிக்க வரவில்லை. வரவேற்கின்றோம். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 2015-இல் விரைவுத் தொடர்வண்டி வந்தது. இவையெல்லாம் தனித்தனி வீடுகளாய், தனித்தனிச் சீட்டுகளோடு, ஒன்றன் வரவை மற்றொன்று அறியாமல் வாழ்ந்தன. அவற்றை ஒரு கூரையின்கீழ்க் கொணர்ந்தது நற்செயலே. எனினும், வீட்டைக் கட்டியவன் அதன் வாயிலை எப்பக்கம் வைத்தான் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

எளிமை யாருக்கு?

‘பயன்படுத்த எளிது’ என்று ஒரு செயலியைப் பற்றிக் கூறுவோர், பெரும்பாலும் முன்பே வழியறிந்தவர்கள். வழியறிந்தவனுக்கு எச்செயலியும் எளிதே. புதிதாய் வருவோனுக்கு எளிதாக இருக்கின்றதா என்பதன்றோ உரைகல்?

நம் தென்பகுதியில் புதிதாய் வருவோர் யாவர் என்று எண்ணிப் பாருங்கள். 30.12.2023 அன்று கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பெற்றது. தென்மாவட்டங்களிலிருந்து வரும் உழவரும் மாணவரும் நோயாளரும் இன்று இறங்குமிடம் அதுவே. விடியற்காலையில் மூட்டையோடு இறங்கி, ‘மேடவாக்கத்திற்கு எது போகும்?’ என்று கேட்போர் அவர்கள். அடுத்து, நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்துப் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் குடியமர்த்தப்பெற்ற ஏழை மக்கள். வேலை பழைய இடத்திலும் வீடு புதிய இடத்திலுமாகப் பிளவுண்டவர்கள். பேருந்து தவறினால் அற்றை நாள் கூலியும் தவறும். மூன்றாவதாக, முதன்முறை தனியே வெளிச்செல்லும் மகளிரும் முதியோரும். இம்மூவகையார்க்கும் பொதுவான மொழி தமிழ். ஆங்கிலம் அன்று.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்வோம். இவ்வூர்க்குத் தொடர்வண்டி நிலையம் இல்லை. 2007-இல் வேளச்சேரி வரை வந்த பறக்கும் தொடர்வண்டியைப் பிடிக்கவும், தாம்பரத்திற் சென்று மின்தொடர்வண்டி ஏறவும் பேருந்தே துணை. வேளச்சேரி–தாம்பரம் சாலையும், துரைப்பாக்கம்–பல்லாவரம் ஆரச்சாலையும் இவ்வூரையொட்டிச் சந்திக்கின்றன. எத்திசைப் பேருந்துக்கு எப்பக்கம் நிற்பது என்பதே புதியவனுக்குப் பெரும் புதிர். இப்புதிரை அவிழ்ப்பது செயலியின் கடமை.

பெயர் பிழைத்தால் வழி பிழைக்கும்

ஒரு செயலியின் உயிர்நாடி ஊர்ப்பெயர்களும் நிறுத்தப்பெயர்களுமே. அப்பெயர்கள் கணிப்பொறியுள் முதற்கண் எவ்வெழுத்தில் வைக்கப்பெறுகின்றன? ஆங்கிலத்தில் வைத்து, பின் பொறியைக் கொண்டு தமிழாக்கினால் என்ன ஆகும் என்பதை எழுத்திலக்கணம் கற்ற எவரும் கூறிவிடலாம். ல, ள இரண்டிற்கும் அவ்வெழுத்தில் ஒன்றே வடிவம். ந, ன, ண மூன்றிற்கும் ஒன்றே. ர, ற இரண்டிற்கும் ஒன்றே. குறில் நெடில் வேறுபாடு பெரும்பாலும் தோன்றாது. வல்லொற்று மிகுந்ததா, மிகவில்லையா என்பதும் தெரியாது. ழகரத்திற்கோ தனியிடமே இல்லை.

பள்ளிக்கரணையை ஆங்கில எழுத்தில் எழுதி, அதனை ஒரு பொறியிடம் கொடுத்துத் தமிழில் மீட்டுத் தரச் சொன்னால், பள்ளியும் வரலாம்; பல்லியும் வரலாம்! கரணை, கரனை ஆகலாம். வேளச்சேரி, வேலச்சேரி ஆகலாம். கீழ்க்கட்டளை, கில்கட்டலை ஆகும்போது கீழும் போயிற்று, கட்டளையும் போயிற்று. வேங்கைவாசலில் வேங்கை வெங்கையாகிப் பாயாமலே படுத்துவிடும். எந்தச் செயலியில் எப்பிழை உள்ளது என்று பட்டியலிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பிழை பிறக்கும் வாயிலைக் காட்டுவதே நோக்கம். மூலத்தைத் தமிழில் வைத்து ஆங்கிலத்தை அதனின்று பெற்றால் இப்பிழை தோன்றவே வழியில்லை. மூலத்தை ஆங்கிலத்தில் வைத்தாலோ, எத்துணைப் பேரறிஞர் திருத்தினாலும் பிழை மீண்டும் மீண்டும் முளைக்கும்.

இதனை அரசே பட்டறிந்தது. 2020 சூன் திங்களில், தமிழ்நாட்டின் 1018 ஊர்ப்பெயர்களுக்குத் தமிழொலிக்கு ஏற்ப ஆங்கில எழுத்துக்கூட்டல் வகுத்து ஓர் ஆணை வெளியாயிற்று. நோக்கம் நன்று. ஆனால், எழுத்துக்கூட்டலில் பல்வேறு குறைகள் எடுத்துக்காட்டப்பெற்று, சில நாள்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. தமிழ் ஒலியை வேற்றெழுத்தில் அடைப்பது, கடலைக் குடத்தில் அடைப்பது போன்றது. எக்குடம் நல்ல குடம் என்று சண்டையிட்டு முடியாது. கடல் கடலாகவே இருக்கட்டும். தேவைப்படுவோன் தன் குடத்தில் முகந்து கொள்ளட்டும். அஃதாவது, தமிழ்ப்பெயர் தமிழெழுத்தில் மூலமாக நிற்க, ஆங்கில வடிவம் அதன் துணையாக நிற்றல் வேண்டும். ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. ‘கணிப்பொறி தமிழை ஏற்காது’ என்னும் பழைய சாக்கு இனிச் செல்லாது.

பாக்கம், வாக்கம், சேரி, கட்டளை, நல்லூர் என முடியும் இப்பெயர்கள் வெறும் அடையாளச் சீட்டுகள் அல்ல. பாக்கம் என்பது கடற்கரை சார்ந்த ஊர்க்குப் பெயர் என்பதை நம் மாணவர் நெய்தல் நிலப் பாடத்தில் படிக்கின்றனர். பெயர் சிதையின் அந்நிலத்தின் வரலாறும் சிதையும்.

இலக்கணம் அறியாத் திரை

ஆங்கிலத் தொடரை வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் தமிழை ஒட்டுவதால் விளையும் கேடு இன்னொன்று. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் எவ்விடத்தும் மாறாது. தமிழில் வேற்றுமை ஏற்கும்போது மாறும். மகர ஈற்றுச் சொல் அத்துச் சாரியை பெற்றுத் ‘தாம்பரத்திற்கு’, ‘மேடவாக்கத்திலிருந்து’ என்று ஆகும். இதனை அறியாத பொறி, ‘தாம்பரம்க்கு’, ‘மேடவாக்கம்இலிருந்து’ என்று எழுதும். இத்தகைய தொடர்களை நாள்தோறும் பார்த்து வளரும் பிள்ளைக்கு வகுப்பில் சாரியை கற்பிப்பது எங்ஙனம்? நம் ஊர்ப்பெயர்களிலோ மகர ஈறே மிகுதி: தாம்பரம், கிளாம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம், மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம்!

இதற்குப் பொறியாளர் அஞ்ச வேண்டா. பெயரை மாற்றாமலே பொருளை முடிக்கும் தொடர்கள் தமிழில் உண்டு. ‘பள்ளிக்கரணை முதல் தாம்பரம் வரை’ என்க. ‘கிளாம்பாக்கம் செல்லும் பேருந்து’ என்க. ‘வழி: மேடவாக்கம், சேலையூர்’ என்க. சாரியையும் வேண்டா, பிழையும் வாரா. தமிழறிந்த ஒருவரைத் தொடக்கத்திலேயே உடன் வைத்திருந்தால் இதனை அரை நாழிகையில் சொல்லியிருப்பார். முழுவதும் ஆங்கிலத்திற் செய்து முடித்து, இறுதி நாளில் ‘தமிழாக்கித் தருக’ என்று நீட்டுவதாலன்றோ தமிழ் பின்வாயிலில் நிற்கின்றது!

கட்டத்தின் அளவும் அவ்வாறே. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்த கட்டத்தில் தமிழ்ச்சொல்லைத் திணித்தால், பாதிப் பெயர் வெட்டுண்டு மூன்று புள்ளிகள் நிற்கும். கடற்கரை–தாம்பரம் தடத்தில் சென்னைக் கடற்கரை, சென்னைக் கோட்டை, சென்னைப் பூங்கா, சென்னை எழும்பூர் என நான்கு நிலையங்கள் ‘சென்னை’ என்றே தொடங்குகின்றன. பிற்பகுதி வெட்டுண்டால் நான்கும் ஒன்றாகிவிடும். புதியவன் எங்கே இறங்குவான்?

பிற நாட்டார் செய்தது என்ன?

இலண்டன் நிலத்தடித் தொடர்வண்டிக்கு ஆரி பெக் என்னும் வரைவாளர் 1931-இல் ஒரு படம் வரைந்தார். நிலப்படத்தின் உண்மை வளைவுகளையும் தொலைவுகளையும் விட்டுவிட்டு, நேர்கோடுகளாலும் சாய்கோடுகளாலும் நிலையங்களின் வரிசையை மட்டும் காட்டினார். முதலில் மேலாளர்கள் தள்ளிவிட்டனர். 1933-இல் அச்சிட்டு வழங்கியபோது மக்கள் உடனே ஏற்றனர். பயணம் செய்வோனுக்கு வேண்டுவன, ‘எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது’ என்னும் மூன்றே என்பதை அவர் உணர்ந்தார்.

மெக்சிகோ நகரில் 1969-இல் நிலத்தடித் தொடர்வண்டி தொடங்கியபோது, எழுத்தறியாதாரும் ஏறுவர் என்று எண்ணி, ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு படக்குறி அமைத்தனர். இலான்சு வைமன் என்னும் ஓவியர் அவ்வமைப்பை உருவாக்கினார். எழுத்தைப் படிக்க இயலாதவனும் படத்தைக் கண்டு இறங்கினான். நம் நாட்டிலோ, 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். பெண்களில் 73 பேர். எஞ்சியோர்க்குத் திரையில் தமிழெழுத்து இருப்பினும் பயனில்லை. அவர்களுக்குக் குரல் வேண்டும். ‘எங்கே போகணும்?’ என்று செயலி தமிழிற் கேட்டு, அவர்கள் வாய்மொழியைத் தமிழிலேயே உணர்ந்து, தமிழிலேயே விடை கூறல் வேண்டும்.

வண்டியின் எண்ணிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. எண்ணோடு ஒட்டி வரும் ஆங்கில எழுத்துகளைக் காதாற் கேட்டுப் பாருங்கள்: பி, சி, டி, ஜி, வி. அனைத்தும் ஒரே ஈற்றொலி. இரைச்சல் மிக்க சாலையில் ஒன்றைப் பிறிதொன்றாகக் கேட்பது இயல்பு. 51 என்பதும் வி 51 என்பதும் வேறு வேறு தடங்கள் என்று புதியவனுக்கு யார் சொல்வார்? பல்லாண்டு பழகிய எண்களை மாற்றுக என நாம் கூறவில்லை. எண்ணின் பக்கத்திலேயே சேருமூரும் வழியூரும் தமிழிற் பெரிதாக நிற்கட்டும் என்றே கூறுகின்றோம்.

நம் அன்பர்களுக்கும் ஒரு சொல்

‘தனித்தமிழார் கையில் கொடுத்தால் எவர்க்கும் விளங்காத சொற்களைக் குவித்துவிடுவர்’ என்று நம்மை எள்ளுவோர் உண்டு. பேருந்து, ஓட்டுநர், நடத்துநர், நிறுத்தம், பயணச்சீட்டு ஆகிய சொற்கள் இன்று பேருந்து நிலையந்தோறும் பலகைகளில் நிற்கின்றன. சிறு பிள்ளைக்கும் விளங்குகின்றன. இவையும் ஒருகால் எள்ளப்பெற்றவையே. எனவே அவ்வெள்ளலுக்கு நாம் அஞ்சவில்லை.

ஆயினும், நம்மவருள் சிலர்க்கு ஒன்றைக் கூறியாகல் வேண்டும். பள்ளிக்கரணையில் ‘ஆயில் மில்’ என்று ஒரு நிறுத்தம். தாம்பரத்திற்குக் கிழக்கே ‘கேம்ப் ரோடு’ என்று ஓர் இடம். இவற்றை ஒரே இரவில் எண்ணெயாலை என்றும் பாசறைச் சாலை என்றும் மாற்றி, பழம்பெயரைத் தேடினால் ‘இல்லை’ என்று செயலி கூறுமாறு செய்தால், தொல்லையுறுவது ஆங்கிலம் அன்று, நம் தமிழ்த்தாய்மாரே. கூலிக்குச் செல்லும் ஒரு தாய் தன் வாய்க்கு வந்த பெயரால் தேடுவாள். அப்பெயர் தூய தமிழன்று என்பதற்காக அவளுக்கு வண்டியில்லை என்பதா தமிழ்த்தொண்டு? எழுதிக் காட்டும் பெயர் தமிழாகட்டும். அதனருகே வழக்குப் பெயரும் சில காலம் நிற்கட்டும். தேடலோ இரண்டையும் என்றும் ஏற்கட்டும். மக்கள் நாவிற் புதுப்பெயர் படிந்தபின் பழம்பெயர் தானே உதிரும். பேருந்து அவ்வாறுதான் நிலைபெற்றது.

ஒற்றுப்பிழைக்கும் இதுவே நெறி. ‘பள்ளிகரணை’ என்று ஒற்று விட்டு எழுதித் தேடுவோனிடம் செயலி சினக்கலாகாது. அவனுக்கும் வழி காட்டல் வேண்டும். ஆனால் தான் காட்டும்போது ‘பள்ளிக்கரணை’ என்றே காட்டல் வேண்டும். கேட்போன் பிழையைப் பொறுக்க. சொல்வோன் பிழையின்றிச் சொல்க. நல்லாசிரியன் செய்வதும் இதுவன்றோ?

வடபுலத்திலிருந்து வேலைக்கு வந்துள்ளோரைப் பற்றியும் கேட்கலாம். அவர்களும் இந்நகரில் உழைப்போரே. அவர்கள் தம்மொழியில் வழியறிய ஏந்து செய்வதை நாம் தடுக்கவில்லை. விருந்தினனுக்குத் தனி இருக்கை இடுக. ஆனால் வீட்டுக்குரியவளைத் திண்ணையில் நிறுத்தாதிருக்க! செயலியைத் திறந்தவுடன் தமிழ் தோன்றுக. பிறமொழி வேண்டுவோர் மாற்றிக் கொள்க. இன்னொரு மொழியில் திறந்து, தமிழ் வேண்டுவோனை உள்ளே உள்ளே தேடச் செய்தல் முறையன்று. மொழியறியாதவனுக்கு, மொழியை மாற்றும் இடத்தைக் கண்டுபிடிப்பதே முடியாத செயல் என்பதைச் செய்வோர் எண்ணினாரில்லை.

வேண்டுவன

நாம் போக்குவரத்துக் குழுமத்திடம் வேண்டுவன இவை:

1. ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரும் தமிழெழுத்தில் மூலமாகப் பதியப்பெறல் வேண்டும். பிற எழுத்து வடிவங்கள் அதனின்று பெறப்படுக.

2. செயலி தமிழில் திறக்க. முதல் திரையில் ‘எங்கிருந்து? எங்கே?’ என்னும் இரு வினாக்களே நிற்க. பிற எல்லாம் பின்னர் வருக.

3. எழுத்தறியாதார்க்குத் தமிழ்க் குரல்வழி அமைக.

4. மகளிர் கட்டணமின்றிச் செல்லும் பேருந்து எது என்பதை அப்பேருந்தின் பெயரருகிலேயே காட்டுக. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் அவர்களுக்குக் கட்டணமில்லை; அவ்வண்டிகளின் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணமும் பூசப்பெற்றது. சாலையில் உள்ள அவ்வண்ணமே திரையிலும் இருக்குமாயின், படிக்கத் தெரியாதவளும் அறிவாள்.

5. வண்டி வரும் நேரத்தோடு, ‘வேளச்சேரியைக் கடந்தது’, ‘இரண்டு நிறுத்தம் தள்ளி வருகின்றது’ என்று வழியில் நிற்பவர் சொல்வதுபோற் சொல்க. எப்பக்கம் நின்று ஏறுவது என்பதையும் சொல்க.

6. மழைக்கால அறிவிப்புகள் தமிழில் உடனுக்குடன் வருக. 2015-லும் 2023 திசம்பர்ப் புயலிலும் இப்பகுதி நீரில் நின்றதை நாம் மறக்கவில்லை. 2022-இல் இராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சதுப்புநிலத்தின் கரையில் வாழ்வோர் நாம்; நீர் தன் இடத்தைத் தேடி வரும். ‘இவ்வழி நீர் நிற்கின்றது, பேருந்து வேறு வழிச் செல்கின்றது’ என்னும் ஒரு வரி, கைக்குழந்தையோடு நிற்கும் ஒருத்தியைக் காக்கும். விரைவுத் தொடர்வண்டிப் பணிக்காக நிறுத்தங்கள் இடம் மாறும்போதும் அவ்வாறே அறிவிக்க.

7. கைப்பேசி இல்லாதானும் குடிமகனே. செயலியிற் காட்டும் அதே தமிழ்ப்பெயரும் வழியும் நிறுத்தப் பலகையிலும் நிற்க. நடத்துநரின் வாய்மொழிக்குச் செயலி துணையாகுமேயன்றி மாற்றாகாது.

அன்பர்களே! வேண்டுதலோடு நின்றுவிடுதல் நம் வழக்கமன்று. தாம்பரத்திலும் சேலையூரிலும் மேடவாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் வாழும் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் நாள்தோறும் செல்லும் ஒரு தடத்தை எடுத்துக்கொள்க. அத்தடத்தின் நிறுத்தங்களை வரிசையாக எழுதுக. ஒவ்வொன்றிற்கும் பிழையற்ற தமிழ்ப்பெயர், மக்கள் வழங்கும் பெயர், எப்பக்கத்து நிறுத்தம் என்னும் மூன்றையும் குறிக்க. செயலியிலும் பலகையிலும் உள்ள பெயரோடு ஒப்பிட்டு, பிழையிருப்பின் சுட்டி, குழுமத்திற்கும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்திற்கும் எழுதி விடுக. பள்ளியாசிரியராய் உள்ளோர் மாணவரைக் கொண்டே இதனைச் செய்விக்கலாம். ஊர்ப்பெயராய்வும் எழுத்துப் பயிற்சியும் ஒருங்கே கைகூடும்.

கிளாம்பாக்கத்தில் மூட்டையோடு இறங்குபவன், ஒருவரிடமும் கையேந்தாமல், தன் தாய்மொழியில் கேட்டு, தன் தாய்மொழியில் விடை பெற்று, தன் வண்டியில் ஏறும் நாளே, 1956-இல் எழுதிய சட்டம் இந்நகரத் தெருவில் நடக்கத் தொடங்கிய நாளாகும். அந்நாளை விரைந்து கொணர்தல் நம் கையில் உள்ளது. எழுதத் தொடங்குக!